"ஏன் செய்தான்?": பள்ளி வன்முறை பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

நெல்லைப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கு ஆண்டுகள் பெற்றோர் உறுப்பினராக இருந்தேன். கூட்டத்தில் பெஞ்சு, கழிப்பறை, குடிநீர் பற்றிப் பேசுவோம். உண்மையான பேச்சு கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போதுதான் வரும். யாராவது ஒரு தாயோ தகப்பனோ அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, ஒன்று கேட்க வேண்டும்" என்பார்கள். கேட்டவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. அவற்றைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் மனநல மருத்துவனோ வழக்கறிஞனோ இல்லை. இந்தக் கேள்விகளை நானும் ஒரு காலத்தில் என் வீட்டில் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் பள்ளியில் வெட்டு, குத்து எதுவும் இல்லை. இதை நாங்கள் ஏன் படிக்க வேண்டும்?

பள்ளி வன்முறை என்றாலே நமக்கு அரிவாள்தான் கண்ணில் வருகிறது. பையை ஒளித்து வைப்பது, பட்டப்பெயர் சொல்லியே ஒருவனை ஒடுக்குவது, தின்பண்டக் காசைப் பிடுங்குவது, கழிப்பறைக்குப் போகவிடாமல் வழிமறிப்பது, ஆசிரியர் பிரம்பால் விளாசுவது எல்லாம் வன்முறைதான். உலக அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு மாணவர், முந்தைய ஒரு மாதத்துக்குள் சக மாணவரால் துன்புறுத்தப்பட்டிருக்கிறார் என்று யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நாற்பது பேர் வகுப்பில் பதின்மூன்று பேர். உங்கள் பிள்ளை அந்தப் பதின்மூன்றில் இல்லாவிட்டாலும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இருபத்தேழில் இருப்பான்.

ஒரு பென்சிலுக்காகவா அரிவாள் எடுப்பார்கள்? நம்பவே முடியவில்லை.

2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியின் எட்டாம் வகுப்பில் நடந்ததைக் கேட்கிறீர்கள். புத்தகப் பையில் அரிவாள் கொண்டுவந்த மாணவன் சக மாணவனை வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் காயம். பிறகு அவனே காவல் நிலையத்தில் போய்ச் சரணடைந்தான். பென்சில் கேட்டதில் முன்பு ஏற்பட்ட தகராறு என்று காவல்துறை சொன்னது. அன்று டீக்கடை முழுக்க "பென்சிலுக்கா!" என்பதுதான் பேச்சு.

பென்சில் என்றைக்குத் தொடங்கியது என்பதைத்தான் சொல்கிறது, எப்படி வளர்ந்தது என்பதைச் சொல்வதில்லை. எந்தச் சண்டையானாலும் முதல் வாய்த்தகராறுக்கும் கடைசி அடிக்கும் நடுவில் நாட்கள் இருக்கும், சில சமயம் வாரங்கள் இருக்கும். அந்த நாட்களில் யார் எதைச் சொல்லி ஏற்றிவிட்டார்கள், யார் சிரித்தார்கள், எந்தப் பெரியவர் காதில் விழுந்தும் "சின்னப் பிள்ளைகள் சண்டை" என்று போனார் என்பதுதான் விஷயம்.

அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் நான் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன்: எப்போதிலிருந்து? எங்கே வைத்து? யார் யாருக்குத் தெரியும்? "ஏன் செய்தான்" என்று கேட்டால் குணத்தைப் பற்றிய பதில்தான் கிடைக்கும்: திமிர், கோபம், வளர்ப்பு சரியில்லை. இந்த மூன்றையும் கேட்டால் நாளும் இடமும் ஆளும் கிடைக்கும். கீழே பல இடங்களில் இந்த மூன்று கேள்விகளுக்கே திரும்பி வருவேன்.

அமைதியான பிள்ளை, நன்றாகப் படிக்கிறவன். அவன் எப்படி இதைச் செய்திருப்பான்?

"இப்படிப்பட்ட பிள்ளைதான் செய்வான்" என்று ஓர் அச்சு இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்காவில் அந்நாட்டு ரகசியப் பாதுகாப்புச் சேவையும் கல்வித் துறையும் சேர்ந்து, 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டன. 41 தாக்குதலாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் தாய் தகப்பன் இருவரும் உள்ள வீட்டில் வளர்ந்தவர்கள். படிப்பில் கடைசி வரிசைக்காரர்களைவிட நல்ல மதிப்பெண் வாங்கியவர்களே அதிகம். பொதுவான அச்சு எதுவும் கிடைக்கவில்லை.

அங்கே துப்பாக்கி, இங்கே அரிவாள், பிளேடு, காம்பஸ். நாடும் சூழலும் வேறு. இருந்தாலும் அந்த அறிக்கையில் ஒரு செய்தி என்னை உட்காரவைத்தது. பத்தில் எட்டுச் சம்பவங்களில், நடக்கப்போவது குறைந்தது ஒருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. தெரிந்தவர்கள் பெரும்பாலும் நண்பர்கள், வகுப்புத் தோழர்கள், உடன்பிறந்தவர்கள். பெரியவர்கள் மிக அரிது.

செல்போனும் சினிமாவும்தானே காரணம்? அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றபோதும் ஒரு திரைப்படத்தின் பெயர் உடனே அடிபட்டது. மாணவனின் டைரியில் ஆசிரியை எழுதியனுப்பிய குறைகளும், அதனால் வீட்டில் அவனுக்கு என்ன ஆகும் என்ற பயமும் பேசப்பட்டன என்றாலும் சினிமாதான் முன்னால் நின்றது. அந்தப் படத்தைப் பார்த்த லட்சக்கணக்கான பிள்ளைகள் மறுநாள் பேசாமல் பள்ளிக்குப் போனார்கள். மேலே சொன்ன அமெரிக்க ஆய்விலும் வன்முறை வீடியோ விளையாட்டில் நாட்டம் காட்டியவர்கள் எட்டில் ஒருவர்தான்.

செல்போன் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. முன்பெல்லாம் மணி அடித்ததும் சண்டை பள்ளிக்கூடத்தோடு நிற்கும். இப்போது வாட்ஸ்அப் குழு வழியாக அது வீட்டுக்கு வந்து இரவு பதினொரு மணிக்கும் பிள்ளையின் தலையணைக்குக் கீழே அதிர்கிறது. சாதிப் பெருமை பேசும் ரீல்ஸ் பதினாலு வயதுப் பையனுக்கு ஆயுதம் பிடிக்கும் தோரணையைக் கற்றுக்கொடுக்கிறது. போனைப் பிடுங்கி வைப்பது எளிது. அதில் எந்தக் குழுவில் யாரைப் பற்றி என்ன ஓடுகிறது என்று அவனோடு உட்கார்ந்து பார்ப்பது கடினம். பெரும்பாலோர் எளியதைத்தான் செய்கிறோம்.

பிள்ளை வாயையே திறப்பதில்லை. "ஒன்றுமில்லை" என்கிறான். நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது மகனுக்குப் புதுச் செருப்பு வாங்கினேன். ஆடி முடியவில்லை, குதிகால் பக்கம் தட்டையாகத் தேய்ந்து கிடந்தது. "காசு மரத்திலா காய்க்கிறது" என்று திட்டிவிட்டு வேறு செருப்பு வாங்கிக் கொடுத்தேன். அதுவும் தேய்ந்தது. இலவச பஸ் பாஸில் போய்வருகிற பையன் செருப்பு ஏன் தேய்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் அம்மாவுக்குத்தான் தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது, முகத்தைப் பார்க்காமலே, "பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?" என்று கேட்டாள். பத்து நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டது. பள்ளி வாசல் நிறுத்தத்தில் பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் காத்திருப்பார்கள். அவர்கள் பைகளை இவன் சுமக்க வேண்டும். அதற்குப் பயந்து ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி வயல் வரப்பு வழியாக ஒன்றரை மைல் நடந்திருக்கிறான். ஏழு வாரம்.

ஆக, "பள்ளியில் ஏதாவது பிரச்சினையா?" என்று நேரே கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் வரும். இடத்தையும் நேரத்தையும் கேளுங்கள். இடைவேளையில் எங்கே நிற்பாய், எந்தப் பீரியடு பிடிக்காது, தண்ணீர் எங்கே பிடிப்பாய். பொருட்களையும் பாருங்கள்: திறக்காமல் திரும்பி வரும் டிபன் பாக்ஸ், அறுந்த சட்டைப் பொத்தான், அடிக்கடி தொலையும் பேனா. வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய்ச் சிறுநீர் கழிக்கிறவன் பள்ளிக் கழிப்பறைக்குப் பயப்படுகிறான் என்று அர்த்தம் இருக்கலாம். வருகைப்பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். எங்கள் பள்ளியில் ஒரு தகப்பனார் மகன் விடுப்பு எடுத்த ஆறு நாட்களை எழுதிப் பார்த்தார். ஐந்து வியாழக்கிழமைகள். வியாழன் கடைசி இரண்டு பீரியடு விளையாட்டு. அதற்கு மேல் அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பள்ளியில் புகார் சொன்னால் அவனுக்கு இன்னும் ஆபத்தாகிவிடாதா?

இந்தப் பயத்தை வீண் பயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் நடந்தது இதுதான். வள்ளியூரில் பிளஸ் டூ படித்த பட்டியல் சாதி மாணவனைச் சக மாணவர்கள் ஏவல் வேலை வாங்கித் துன்புறுத்தியிருக்கிறார்கள். அவன் சில நாட்கள் பள்ளிக்கே போகவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரிக்க, நடந்தது வெளியே வந்தது, புகாரானது. அன்று இரவே வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு.

இதிலிருந்து "புகார் செய்யாதே" என்ற பாடத்தை எடுத்துக்கொண்ட பெற்றோர் பலர். நான் வேறு மாதிரி படிக்கிறேன். புகார் வந்த பிறகு முதல் இருபத்துநான்கு மணி நேரம்தான் மிக ஆபத்தானது. அந்த நேரத்தில் புகார் சொன்னவன் பெயர் வெளியே போகாமல் இருக்க வேண்டும், அவன் வீட்டுக்குத் தனியாகப் போகாமல் இருக்க வேண்டும், எதிர்த்தரப்புப் பெற்றோரைப் பள்ளி அன்றே அழைத்துப் பேசியிருக்க வேண்டும். புகார் கொடுக்கும்போதே இந்த மூன்றையும் எப்படிச் செய்வீர்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மிரட்டல் இருந்தால் பள்ளியோடு நிற்காமல் காவல் நிலையத்துக்கும் போங்கள். பள்ளிக்கு வெளியே சொல்ல 1098 குழந்தைகள் உதவி எண்ணும், பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணும் இருக்கின்றன.

சாதியைப் பற்றிப் பேசினால்தான் சாதி வளரும். பிள்ளைகள் விஷயத்தில் அதை ஏன் இழுக்கிறீர்கள்?

இழுத்தது நானில்லை. பிள்ளைகளின் மணிக்கட்டைப் பாருங்கள். எந்த நிறக் கயிறு யாருக்கு என்பது ஏழாம் வகுப்புப் பையனுக்குத் தெரிகிறது, ஆசிரியருக்குத் தெரியாதாம். இந்தக் கயிறுகளைப் பற்றிப் பள்ளிக் கல்வித் துறையே 2019இல் சுற்றறிக்கை அனுப்பியது. நாங்குநேரிக்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. அவர் 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை அறுநூறு பக்கங்களுக்கு மேல். கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகிய அடையாளங்களுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, வருகைப்பதிவேட்டில் மாணவர் சாதி தெரியும்படி இருக்கக் கூடாது, அந்தப் பகுதியில் பெரும்பான்மையான சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராக நியமிக்காமலிருப்பது, ஐந்நூறு மாணவருக்கு மேலுள்ள பள்ளிகளில் நல அலுவலர் என்று பல பரிந்துரைகள். சிலவற்றுக்கு அரசியல் எதிர்ப்பும் வந்தது.

ஒரு குடும்பத்துக்கு இதில் என்ன? பிள்ளை மேல் விழுந்த அடி அவனுக்காக விழுந்ததா, அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதற்காக விழுந்ததா என்று தெரியாமல் காரணம் தேட முடியாது. இரண்டாவது என்றால் பெஞ்சை மாற்றி உட்காரவைத்துத் தீர்க்க முடியாது. "யார் யாருக்குத் தெரியும்" என்ற கேள்விக்குப் பதிலாக ஒரு தெருவே வந்து நிற்கும். கயிற்றை வாங்கிக் கட்டிவிட்டது யார் என்றும் கேளுங்கள். பல வீடுகளில் சித்தப்பா, மாமா என்றுதான் பதில் வருகிறது.

அடித்தவன் என் மகன். நான் எங்கே தவறினேன்?

இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தவர்கள் இரண்டே பேர். இருவரும் தாய்மார்கள். அடிபட்ட பிள்ளையின் வீட்டுக்கு ஊர் போகும், அடித்தவன் வீட்டு வாசலில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை.

1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவில் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் பன்னிரண்டு மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றுவிட்டுத் தங்களையும் சுட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவனின் தாயார் சூ கிளிபோல்டு, பல ஆண்டுகள் கழித்து ஒரு நூல் எழுதினார். மகனின் குறிப்பேடுகளை அவன் இறந்த பிறகுதான் அவர் பார்த்தார். வெகுநாளாகவே சாக வேண்டும் என்று அவன் எழுதியிருந்தான். ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே மேசையில் சிரித்த பிள்ளை. அன்புக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அன்பு இருந்தும் பார்வைக்குத் தப்பியிருக்கிறது. அங்கேயும் முதல் வாரத்தில் ஊடகங்கள் சொன்ன காரணங்களில் பல பின்னால் நிற்கவில்லை.

ஆகவே "எங்கே தவறினேன்" என்பதை நெஞ்சில் குத்திக்கொள்ளும் கத்தியாக வைத்துக்கொள்ளாமல், இரண்டாம் பதிலில் சொன்ன மூன்று கேள்விகளாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்று முக்கியம்: சிறார் வழக்கில் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து பிள்ளையின் பின்னணி பற்றி அறிக்கை தயாரிப்பார். மானத்துக்குப் பயந்து "எங்கள் வீட்டில் எந்தக் குறையும் இல்லை" என்று சொல்லாதீர்கள். அவன் தகப்பன் குடித்துவிட்டு அடித்தது, அவன் போன வருடம் ஒரு மாதம் தூங்காமல் கிடந்தது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அந்த அறிக்கையை வைத்துத்தான், சிறார் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் அவனுக்கு என்ன செய்வதென்று யோசிக்கும். மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அது அடித்தவன் வீட்டுக்கும் உண்டு.

போலீஸ் ஒரு காரணம் சொல்லிவிட்டார்கள். அதோடு விட்டுவிடலாமா?

2017 செப்டம்பரில் குருகிராமில் ஒரு பள்ளிக் கழிப்பறையில் ஏழு வயதுச் சிறுவன் கழுத்தறுபட்டு இறந்தான். பள்ளிப் பேருந்து நடத்துநரைக் காவல்துறை உடனே கைது செய்தது, அவர் ஒப்புக்கொண்டதாகவும் சொன்னது. சிறுவனின் தகப்பனார் அதை ஏற்காமல் உச்ச நீதிமன்றம் வரை போனார். வழக்கு சிபிஐக்கு மாறியது. இரண்டு மாதத்தில் சிபிஐ பிடித்தது அதே பள்ளியின் பதினொன்றாம் வகுப்பு மாணவனை. தேர்வையும் பெற்றோர் கூட்டத்தையும் தள்ளிப்போட அவன் செய்தான் என்பது சிபிஐ சொன்ன காரணம். நடத்துநர் பிறகு வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

எல்லாப் போலீஸ் விளக்கமும் தவறு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. முதல் நாள் விளக்கம் அவசரத்தில் பிறப்பது. காவல்துறைக்குக் குற்றத்துக்கான நோக்கம் கிடைத்தால் போதும். குடும்பத்துக்குத் தேவைப்படுவது அதைவிட நீளமானது.

பதினாறு வயதுக்காரன். பெரியவன் செய்கிற வேலையைச் செய்துவிட்டுச் சீர்திருத்தப் பள்ளியில் போய் உட்காருகிறான். இது நியாயமா?

நியாயமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். சட்டம் என்ன என்பதைச் சொல்கிறேன். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பதினெட்டு நிரம்பாதவர் வழக்கை இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். அதில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். பதினாறு நிரம்பாதவர் என்ன செய்திருந்தாலும் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் சிறப்பு இல்லம். பதினாறு நிரம்பியவர், குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு அல்லது அதற்கு மேல் உள்ள கொடுங்குற்றத்தைச் செய்திருந்தால், அவர் மனமுதிர்ச்சியையும் சூழ்நிலையையும் ஆராய்ந்து, பெரியவரைப் போல விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம்.

பலர் தடுக்கி விழும் இடம் "குறைந்தபட்சம்" என்ற சொல். நீண்ட தண்டனைக்கு இடமிருந்தும் குறைந்தபட்சம் வரையறுக்கப்படாத குற்றம் இந்த வகையில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஆகவே "வெட்டியிருக்கிறானே, ஏன் மாற்றவில்லை" என்பதற்கான பதில் முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு போடப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கலாம். அதைப் படித்துச் சொல்ல வழக்கறிஞர் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவில், ஜாமீன் உட்பட வழக்கு நடவடிக்கைகளைப் பற்றி முன்கூட்டியே அறியும் உரிமை இருக்கிறது.

முன்பெல்லாம் வாத்தியார் அடித்தார், பிள்ளைகள் ஒழுங்காக இருந்தார்கள். அடி நின்றதுதானே காரணம்?

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17: உடலை வருத்தும் தண்டனையும் மனத்தைத் துன்புறுத்துவதும் கூடாது. தாளில் அப்படி. அடி நின்றுவிட்டது என்று சொல்கிறவர்கள் சமீபத்தில் எந்தப் பள்ளி வராந்தாவிலும் கால் வைத்ததில்லை போலிருக்கிறது. நானும் அடி வாங்கிப் படித்தவன்தான். அதில் கற்றது, மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனை அடிக்கலாம் என்பது. என் மகனைப் பை சுமக்க வைத்த மூவரும் அதைக் கச்சிதமாகவே கற்றிருந்தார்கள்.

அடித்த பையனின் படத்தையும் பெயரையும் வாட்ஸ்அப்பில் போட்டால் நாலு பேர் எச்சரிக்கையாக இருப்பார்களே?

போடாதீர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையானாலும் குற்றம் சாட்டப்பட்ட பிள்ளையானாலும், அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அவர்கள் வீட்டிலிருந்து ஊர்ப் பெரியவரோடு வந்து மன்னிப்புக் கேட்கிறார்கள். சமாதானமாகப் போகலாமா?

உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள். அதில் தப்பில்லை. கையெழுத்து மட்டும் போடாதீர்கள், ஊர்ப் பெரியவர் வெள்ளைத் தாளை நீட்டினாலும். கொலை முயற்சி, வன்கொடுமை போன்ற வழக்குகளைத் திண்ணையில் முடித்துக்கொள்ள முடியாது. போட்ட கையெழுத்து நாளை உங்களுக்கு எதிராகவே வரும்.

மன்னிப்பு உண்மையா என்று எப்படித் தெரியும் என்று ஒரு அக்கா கேட்டார். "வயதுக் கோளாறு, விட்டுவிடுங்கள்" என்று தொடங்குகிறவர்கள் வழக்கைப் பற்றிப் பேச வந்தவர்கள். "எப்போதிலிருந்து நடந்ததென்று எங்களுக்கும் தெரியவில்லை, உங்கள் பிள்ளை என்ன சொன்னான்?" என்று கேட்கிறவர்கள் வேறு மாதிரி. அப்படிக் கேட்ட ஒரு தகப்பனை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வீட்டாரும் தங்களுக்குத் தெரிந்த தேதிகளை ஒரே காலண்டரில் குறித்தார்கள். வழக்கும் நடந்துகொண்டுதான் இருந்தது.

வீட்டில் சின்னவள் இருக்கிறாள். அவளிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா? மறைத்துவிடலாமா?

மறைக்க முடியாது. பள்ளி முழுக்கத் தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் இருக்காது. சொல்ல வேண்டிய அளவுக்குச் சொல்லுங்கள்: அண்ணனுக்கு அடிபட்டது, மருத்துவம் நடக்கிறது, அவன் மேல் தப்பில்லை, உன் மேலும் தப்பில்லை. கடைசி வார்த்தை தேவையா என்று நினைப்பீர்கள். தேவை.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. பையனுக்குக் கை முறிந்திருந்தது. அம்மா, அப்பா, மாமா, வகுப்பாசிரியர், நான் என்று ஆளுக்கொரு காரணம் பேசிக்கொண்டிருந்தோம். ஒன்பது வயதுத் தங்கை மூலையில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். "நீ ஏதாவது பார்த்தாயா, கண்ணு?" என்று சும்மா கேட்டேன். ஆறு வாரமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன் பத்து ரூபாயை அண்ணனிடம் கொடுத்து வந்ததாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை காசு கொடுக்காவிட்டால் அடிப்பார்களாம். அடிபட்ட வாரம் அவள் அந்தக் காசில் மாங்காய் வாங்கித் தின்றுவிட்டாள்.